வெட்டு விழுற இடமும் நேரமும்

திருகோணமலையில ஒரு வாள்வெட்டு நடந்தா அடுத்த நாள் விடிய ஃபேஸ்புக்ல முதல் வாறது ஏரியாட பேர்தான். இன்ன நகர்ல வாள்வெட்டு, இளைஞர் படுகாயம் எண்டு ஒரு வரி, ஒரு மங்கல் படம், அதுக்குக் கீழ கொமெண்ட்ஸ், "அந்தப் பக்கம் எப்பவும் அப்பிடித்தான்", "அங்க முழுக்க காவாலிக் கூட்டம்", "எல்லாரையும் ஒரேயடியா அள்ளோணும்". அந்த நகர்ல நூத்துக்கணக்கான குடும்பம் இருக்கு, கடலுக்குப் போறவை, ஹாபர் பக்கம் கூலிக்குப் போறவை, டவுன்ல தையல் கடை வச்சிருக்கிறவை, கம்பஸ் போற பிள்ளையள், எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு வரியில முத்திரை குத்திடுவாங்க. பிறகு சம்பந்தம் பேச வாறவை இடத்தைக் கேட்டதும் முகம் மாறுவினம், ராவில ஆட்டோக்காரர் சந்தியோட இறக்கி விட்டுட்டுத் திரும்பிடுவார், கடையில வேலை கேட்டுப் போற பெடியனை "எந்த இடம் தம்பி" எண்டு கேட்டுட்டு "பிறகு சொல்லுறம்" எண்டு அனுப்புவினம். நான் இருக்கிறதும் அப்பிடி ஒரு இடத்துலதான். பேரை எழுதேல்ல, ஏற்கனவே தேவைக்கு மேல எழுதியாச்சு.

நான் தாதியா வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவள். கனகாலம் ஈ.டி.யூ. எண்டுற அவசர சிகிச்சைப் பிரிவிலயும் சேர்ஜிக்கல் வார்ட்லயும் நிண்டனான். வெட்டு, குத்து, போத்தல் அடி, ஹெல்மெட் அடி எல்லாம் வந்து படுக்கிற இடம் அது. டிரஸ்ஸிங் பண்ணும்போது சும்மா பேச்சுக் குடுக்கிறது பழக்கம், வலியை மறக்கட்டும் எண்டு, "எங்க அப்பன் நடந்தது, எத்தினை மணிக்கு, எதால" எண்டு கேப்பன். வருசக்கணக்கா கேட்டுக் கேட்டு எனக்குள்ள ஒரு மேப் மாதிரி வந்துட்டுது. அந்த மேப்பில எங்கட நகர் முழுக்க சிவப்பா இல்ல. ஒரு மதகடி, ஒரு பார் வாசல்ல இருந்து மெயின் ரோட்டுக்கு வாற துண்டு, ஆளில்லாத ஒரு வளவுக்குப் பின்னால போற ஒழுங்கை, பெரும்பாலும் அவ்வளவுதான். மிச்ச ஒழுங்கையளில இருந்து எனக்கு வந்தது பிரசர் கூடின அம்மாமாரும் சைக்கிள்ல விழுந்த பிள்ளையளும்தான்.

இது எங்கட ஊருக்கு மட்டும் உள்ள விசயம் இல்ல எண்டு பிறகுதான் வாசிச்சுத் தெரிஞ்சுகொண்டன். அமெரிக்காவில மினியாபொலிஸ் நகரத்துல லோரன்ஸ் ஷேர்மன் எண்ட ஆய்வாளரும் கூட வேலை செஞ்சவையும் பொலிஸுக்கு வந்த கோல் எல்லாத்தையும் அட்ரஸ் வாரியாப் பிரிச்சு 1989ல ஒரு கட்டுரை போட்டவை, நகரத்துல உள்ள அட்ரஸ்ல ஏறத்தாழ 3 வீதத்துல இருந்துதான் கோல்ல பாதி வந்திருக்கு. மோசமான ஏரியா எண்டு எல்லாரும் சொல்லுற இடத்துக்குள்ளயும் பெரும்பாலான வீதியள் அமைதியாத்தான் இருந்திருக்கு. அதுக்குப் பிறகு வேற வேற நாடுகள்ல வேற வேற நகரத்துல பாத்தும் இதே மாதிரித்தான் கிட்டத்தட்ட வந்திருக்கு.

ஏன் அந்த மதகடி, ஏன் பக்கத்து ஒழுங்கை இல்ல எண்டு யோசிச்சா விடை அங்க போய் நிண்டாலே தெரியும். மதகுக் கட்டு இருக்கிறதுக்கு வசதி, பத்துப் பேர் வரிசையா இருக்கலாம். லைட் போஸ்ட் இருக்கு, பல்ப் எரியிறேல்ல. ஒரு பக்கம் வளவு, சொந்தக்காரர் சண்டைக் காலத்துல வெளிநாடு போனவை, காணி உறுதியில பிரச்சினை, மதில் பாதி விழுந்து பத்தை வளந்து டவுன் மான்கள் ராவில வந்து படுக்கிற இடமாப் போச்சு. மற்றப் பக்கம் வீட்டு ஜன்னல் ஒண்டும் ரோட்டைப் பாத்து இல்ல. பார்ல இருந்து வாறவன் அதாலதான் போகோணும், டியூஷன் முடிஞ்சு வாறவனும் அதாலதான் வரோணும். கோஹன், ஃபெல்சன் எண்டு ரெண்டு பேர் 1979லயே எழுதி வச்சிருக்கினம், ஒரு குற்றம் நடக்கிறதுக்கு செய்ய நினைக்கிற ஆள், அகப்படுற ஆள் அல்லது பொருள், பாத்துக்கொள்ள ஒருத்தரும் இல்லாத நிலைமை, இந்த மூண்டும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல சேரோணும் எண்டு. எங்கட மதகடியில மூண்டும் ஒவ்வொரு சனி ராவும் சேருது.

நேரம் எண்டதும் அப்பிடித்தான். பார் பூட்டுற நேரத்துக்குப் பிறகு வாற ஒண்டு ஒண்டரை மணித்தியாலம், கிழமைக் கடைசி, போயாவுக்கு பார் பூட்டு எண்டதால முதல் நாள் ராவே போத்தல் வாங்கிச் சேத்து வச்சுக் குடிக்கிறவை, கோயில் திருவிழாக் கடைசி நாள், சித்திரை வருசம், கிரிக்கெட் ஃபைனல் முடிஞ்ச பின்னேரம். இன்னொண்டும் இருக்கு, இதைப் பத்தி ஆக்கள் கதைக்கிறது குறைவு. வாடைக் காலத்துல, ஐப்பசி கார்த்திகையில இருந்து தை வரைக்கும், கடல் கொந்தளிப்பு, வள்ளம் இறங்கேலாது, கையில காசு இல்ல, நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசல்ல நிப்பினம். அந்த மாசங்கள்ல ரோட்டுச் சண்டையை விட வீட்டுக்குள்ள நடக்கிறதுதான் கூட வரும். அதுக்குப் பிறகு வாறன்.

இப்ப ஆக்கள். ஒரு பெடியனை எனக்கு நல்ல ஞாபகம், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், தாய் கூட்டிக்கொண்டு வந்தவ. வலது கையில நாலு விரலுக்கும் உள்பக்கத்தால ஒரே நேர்கோட்டில வெட்டு, அதுக்கு மேல கோப்பித்தூள் அப்பி வச்சிருக்கு. (தயவுசெஞ்சு காயத்துக்கு கோப்பித்தூளோ மஞ்சளோ போடாதேங்கோ, துப்பரவான துணியை வச்சு அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஓடி வாங்கோ, 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும்.) என்ன நடந்தது எண்டு கேட்டா "கண்ணாடி வெட்டிட்டுது மிஸ்" எண்டான். கண்ணாடி அப்பிடி வெட்டாது. அது வாற கத்தியைக் கையால எட்டிப் பிடிச்சவன்ட வெட்டு, நரம்பும் அறுந்து போயிருந்தது. அதே மாதிரி முன்னங்கையில வெளிப்பக்கமா, சின்ன விரல் பக்கத்து எலும்பு தெறிச்சு வாறவை தலையில விழ இருந்த அடியைத் தடுத்தவை. உடம்பு பொய் சொல்லாது. தாய் பக்கத்துல நிண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டே நிண்டா. ஒரு மாசம் கழியேல்ல, அவன்ட கூட்டாளியள் செஞ்சது எண்டு இன்னொரு பெடியன் முதுகில வெட்டோட வந்தான். அவனைப் பாக்க வந்தவையிலயும் பாதிப் பேரை எனக்கு ஏற்கனவே தெரியும், முந்தி நான் தையல் வெட்டி விட்ட கையள்.

தொடங்கினது எதால எண்டு கேட்டுப் பாத்தா மனசு நொந்துபோகும். பைக் கண்ணாடி இடிச்சது, டிக்டொக்ல ஒருத்தன்ட தங்கச்சியப் பத்தி எழுதின ஒரு கொமெண்ட், கடன் வாங்கின போன், மெட்ச்ல குடுக்காத அவுட். அதுல ஒரு அறை, அறைக்கு ஹெல்மெட், ஹெல்மெட்டுக்கு வாள். வெட்டினவன், வெட்டு வாங்கினவன் எண்டு ரெண்டு விதமான ஆக்கள் இல்ல, இந்த மாசம் வாங்கினவன்தான் அடுத்த மாசம் வெட்டுறவன். சிக்காகோ நகரத்துல சேந்து அரெஸ்ட் ஆன ஆக்களை ஒருத்தரோட ஒருத்தர் கோடு போட்டு இணைச்சுப் பாத்த ஒரு ஆய்வு 2015ல வந்தது. உயிர் தப்பின துப்பாக்கிச் சூட்டுக் காயக்காரர்ல 70 வீதம், நகரத்து சனத்துல 6 வீதத்துக்கும் குறைஞ்ச ஒரு வலைக்குள்ள இருந்திருக்கினம். எங்களிட்ட துவக்கு இல்ல, யாழ்ப்பாணத்து ஆவா குழு மாதிரி பேர் வச்ச குழுவும் இல்ல, கொழும்புப் பக்கத்து பாதாளக் கூட்டம் மாதிரி காசுக்குச் சுடுறதும் இல்ல. இது ஒண்டாப் படிச்சு ஒண்டா பந்து அடிச்ச பெடியள் தங்களுக்குள்ள வெட்டிக்கொள்றது. ஆனா வலை அதே மாதிரி வலைதான், சின்னது, ஆள் ஆளுக்குத் தெரிஞ்சது, எனக்கே ஒரு பக்கத்துல எழுதி முடிக்கலாம்.

அப்ப இதை இடையில நிப்பாட்டலாம்தானே. நிப்பாட்டுறவை இருந்தவை. எங்கட பக்கத்துல மீன் ஏலம் கூறுற ஒரு ஐயா, படிப்புக் குறைவு, குரல் பெரிசு. வெட்டு விழுந்த ராவே வார்ட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்துல கதிரையை இழுத்துப் போட்டுட்டு இருப்பார். பெடியன்ட கூட்டாளியள் வந்து கொதிச்சுக்கொண்டு நிக்கும்போது "டேய், முதல்ல இவன்ட கை சரிவரட்டும், மற்றதை நான் பாக்கிறன், என்ர வாக்கை மீறி ஒருத்தன் வெளிக்கிட்டா பிறகு வாடிப் பக்கம் வரக்கூடாது" எண்டு சொல்லுவார். பிறகு மற்றப் பக்கத்துத் தகப்பனைப் போய்ப் பிடிப்பார். மருந்துச் செலவு யார் குடுக்கிறது, எங்க வச்சு மன்னிப்புக் கேக்கிறது, எல்லாம் கோயில் மண்டபத்துல வச்சு முடிப்பார். அவர் கதைச்ச சண்டையள்ல ரெண்டாம் வெட்டு விழுந்ததை நான் காணேல்ல. சிக்காகோவில கேரி ஸ்லட்கின் எண்ட டொக்டர், ஆபிரிக்காவில கொலராவுக்கும் டி.பி.க்கும் எதிரா வேலை செஞ்சவர், வன்முறையும் ஒராளில இருந்து ஒராளுக்குத் தொத்துற நோய் மாதிரித்தான் பரவுது எண்டு சொல்லி, இப்பிடி இடையில புகுந்து பழிவாங்கலைத் தடுக்கிற ஆக்களை சம்பளத்துக்கு வச்சு 2000ல ஒரு திட்டம் தொடங்கினவர். எல்லா நகரத்துலயும் ஒரே மாதிரிப் பலன் வரேல்ல, சில இடத்துல நல்லாக் குறைஞ்சிருக்கு, சில இடத்துல பெரிசா ஒண்டும் தெரியேல்ல, அது பாத்தா யார் அந்த வேலையைச் செய்யிறார் எண்டதுலதான் தங்கியிருக்கு. எங்கட ஐயா காலமாயிட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஒருத்தரும் வரேல்ல. மத்தியஸ்த சபை இருக்கு, 1988ம் ஆண்டுச் சட்டத்துல வந்தது, சின்ன அடிதடி, காணி, கடன் தகராறு எல்லாம் அங்க தீக்கலாம், ஆனா அங்க திகதி வாறதுக்குள்ள பழி வாங்கி முடிஞ்சிடும். முதல் மூண்டு நாள்தான் முக்கியம்.

பொலிஸுக்குச் சொன்னா என்ன எண்டு கேக்கிறவை இருக்கினம். சொல்லோணும், நானும் சொல்லச் சொல்லுவன். ஆனா ஏன் வாய் திறக்கினம் இல்ல எண்டதையும் விளங்கோணும். 2006 ஜனவரி 2ம் திகதி எங்கட கடற்கரையில, காந்தி சிலைக்குக் கிட்ட, அஞ்சு மாணவர்களைச் சுட்டுக் கொன்றது இந்த ஊர்ல ஒரு வீட்டுக்கும் மறக்காது. அந்த உடல்களைப் படம் எடுத்து வெளியில கொண்டு வந்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாசம் 24ம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு இழுபட்டு இழுபட்டு, 2019 ஜூலையில பொலிஸ், அதிரடிப்படைச் சந்தேகநபர்கள் 13 பேரையும் போதிய சாட்சி இல்ல எண்டு கோர்ட் விடுவிச்சுது. இதைப் பாத்து வளந்த தகப்பன் மகனுக்கு என்ன சொல்லிக் குடுப்பான்? கண்டதைக் காணேல்ல எண்டு சொல்லத்தான். சாட்சிகளைப் பாதுகாக்க 2015ல ஒரு சட்டம் வந்தது, 2023ல அதை மாத்தி புதுசு வந்தது, எங்கட ஒழுங்கையில அதைக் கேள்விப்பட்டவை குறைவு. தமிழ்ல வாக்குமூலம் குடுக்க உரிமை இருக்கு எண்டதும் கனபேருக்குத் தெரியாது, விளங்காத மொழியில எழுதினதுல கையெழுத்து வைக்கப் பயந்தே பேசாம வந்துடுவினம்.

இதாலதான் பொலிஸ் கணக்கை மட்டும் வச்சுக்கொண்டு ஒரு இடத்தை அளக்கேலாது எண்டு சொல்லுறன். வேல்ஸ் நாட்டுல கார்டிஃப் நகரத்துல ஜொனதன் ஷெப்பர்ட் எண்ட முக அறுவைச் சிகிச்சை டொக்டர், தாடை உடைஞ்சு கண்ணுக்குக் கீழ கிழிஞ்சு வாறவையில கனபேர்ட கேஸ் பொலிஸுக்குப் போகவே இல்ல எண்டதைக் கண்டுபிடிச்சார். அவர் செஞ்சது பெரிய மந்திரம் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வாற காயக்காரரிட்ட பேரை வெளியில குடுக்காம எங்க நடந்தது, எந்த நாள் எத்தினை மணி, எதால அடிச்சது எண்டு மட்டும் கேட்டு எழுதி, அதை மாசாமாசம் பொலிஸும் நகரசபையும் இருக்கிற கூட்டத்துல வைக்கிறது. எந்த பார் வாசல், எந்த பஸ் ஹோல்ட் எண்டு தெரிஞ்சதும் அங்க ஆள் போடுறது, பிளாஸ்டிக் கிளாஸ் மாத்துறது, ரோட்டை மாத்துறது. 2011ல பி.எம்.ஜே. மருத்துவ இதழ்ல வந்த கணக்கின்படி, அதே மாதிரியான மற்ற நகரங்களோட பாக்கும்போது அடிபட்டு ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகிறது 42 வீதம் குறைவு. இதை வாசிச்ச அண்டு ராவு எனக்கு நித்திரை வரேல்ல. அந்த மூண்டு கேள்வியையும் நான் டிரஸ்ஸிங் மேசையில வருசக்கணக்காக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான், எங்கட வார்ட்டுல அதை ஒரு இடத்துல சேத்து வைக்கிற வழி மட்டும் இருந்திருந்தா.

வீட்டு விசயம் சொல்லுறன் எண்டனான். பொம்பிளையள் "கிணத்தடியில வழுக்கினது" எண்டு சொல்லித்தான் வருவினம். கிணத்தடியில வழுக்கினா உள்ளங்கையும் முழங்காலும் உரசும். இவைக்கு மேல்கையில ரெண்டு பக்கமும் விரல் அடையாளம், காதுக்குப் பின்னால கண்டல், முடி பிடுங்குண்ட இடம். ஃபேஸ்புக்ல இது ஒருநாளும் வராது, இதால ஒரு ஏரியாவுக்கும் கெட்ட பேர் வாறேல்ல, உவர்மலையிலயும் இருக்கு, உப்புவெளியிலயும் இருக்கு, மாடி வீட்டிலயும் இருக்கு. 2019ல அரசாங்கம் நாடு முழுக்க எடுத்த பெண்கள் நலன் ஆய்வுல, துணை இருந்த பொம்பிளையள்ல அஞ்சுக்கு ஒருத்தி வாழ்க்கையில ஒருதரமாவது துணையால உடல் ரீதியா அல்லது பாலியல் ரீதியா வன்முறைக்கு ஆளாயிருக்கா. இது வன்முறைக் கணக்குல முதல் வரியில நிக்கோணும். மதகடியில வாளோட நிக்கிற பெடியன்ட வீட்டுக்குள்ள போய்ப் பாருங்கோ, சின்ன வயசுல கதவுக்குப் பின்னால நிண்டு அம்மா அடிவாங்கிறதைப் பாத்தவன்தான் கனபேர். 2005ம் ஆண்டு 34ம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தால மஜிஸ்திரேட் கோர்ட்ல பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், 12 மாசம் வரைக்கும் நிக்கும், அதுக்கு புருசனை ஜெயிலுக்கு அனுப்போணும் எண்டு இல்ல. பொம்பிளையளுக்கான உதவி இலக்கம் 1938க்கு கோல் எடுக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியள்ல நட்பு நிலையம் எண்டு தனி அறை இருக்கு, அங்க ஆறுதலா இருந்து கதைக்கலாம்.

2023 டிசம்பர்ல போதைப்பொருளுக்கு எதிரா யுக்திய எண்டு நாடு முழுக்க பொலிஸ் ரவுண்டப் நடந்தப்ப ஆயிரக்கணக்குல பிடிச்சாங்க, ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் அது நடந்த விதத்தைப் பத்திக் கவலை சொன்னது. ஐஸ், தூள் விக்கிறவனைப் பிடிக்கோணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல, அந்தச் சாமான் குடிச்ச பெடியன் வார்ட்ல நாலு பேர் பிடிச்சும் அடங்காம நிண்டதைப் பாத்தவள் நான். ஆனா ஒரு நகர்ல இருக்கிற இளந்தாரி எல்லாரையும் நிப்பாட்டி பொக்கெட்டைத் தடவிறதால மதகடிக்கு லைட் வராது, வேலைக்குப் போற பெடியனுக்கு வெறுப்புத்தான் வரும், அடுத்த முறை சாட்சி சொல்ல வேண்டிய ஆளே அவன்தான்.

லைட்டும் வளவும் சின்ன விசயம் மாதிரித் தெரியும். நியூயோர்க்ல 2016ல அரசாங்கக் குடியிருப்புகள்ல குலுக்கல் முறையில தெரிஞ்செடுத்த இடங்களுக்கு மட்டும் பெரிய லைட் போட்டுப் பாத்தவை, ராவில வெளியில நடக்கிற பாரிய குற்றம் 36 வீதம் குறைஞ்சுது. ஃபிலடெல்ஃபியாவில கைவிட்ட காணியளைத் துப்பரவாக்கி புல் போட்டு கட்டை வேலி அடிச்சதுல, வறிய பகுதியள்ல துப்பாக்கி வன்முறை 29 வீதம் குறைஞ்சதா 2018ல எழுதியிருக்கினம். இங்க செஞ்சா மற்ற ஒழுங்கைக்குப் போயிடுவாங்கள் எண்டு எங்கட கூட்டத்துல ஒரு அண்ணர் சொன்னார், ஆனா இதை ஆராஞ்சவை பாத்தவரைக்கும் சண்டை அப்பிடியே இடம் மாறிப் போறது குறைவு, பக்கத்து வீதிக்கும் நல்லதுதான் கூட நடந்திருக்கு. எங்களிட்ட சிரமதானம் எண்ட பழக்கம் ஏற்கனவே இருக்கு, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செய்யிறம், அந்த வளவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யலாம். சொந்தக்காரர்ட தங்கச்சி கனடாவில இருந்து வட்ஸ்அப்ல சம்மதம் சொல்லிட்டா, மதிலை எடுத்துப்போட்டு கம்பி வேலி அடிக்க அரைவாசிக் காசும் தாறன் எண்டா.

ஈ.டி.யூ.ல இப்ப நிக்கிற பிள்ளையள் இதை வாசிச்சா, உங்கட மேலதிகாரியளிட்ட கேட்டு, பேர் இல்லாம இடம், நேரம், ஆயுதம் மட்டும் எழுதிற ஒரு படிவம் தொடங்கேலுமோ எண்டு பாருங்கோ, கார்டிஃப்ல கேக்கிற கேள்வியளைத் தமிழ்லயும் சிங்களத்துலயும் நான் எழுதித் தாறன். எங்கட பக்கத்து ஆக்கள், வாற ஞாயிறு பின்னேரம் சனசமூக நிலையத்துக்கு வாங்கோ, மீன் ஏலக்கார ஐயாட மகனையும் வரச் சொல்லியிருக்கிறன், பெடியள் அவன்ட சொல்லைக் கொஞ்சம் கேக்கிறாங்கள். வரும்போது உங்கட ஒழுங்கையில எரியாத லைட் போஸ்ட் நம்பரை எழுதிக்கொண்டு வாங்கோ, போன தரம் நம்பர் போடாம அனுப்பினதாலதான் லைட் கேட்டுப் போட்ட கடிதம் திரும்பி வந்தது.